‘விடை தெரியவில்லை’ என்று சொல்லத் தெரியாத இயந்திரம்

ஸ்ரீரங்கத்து வரலாற்றில் தோய்ந்தவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். டெல்லி சுல்தான்களின் படையெடுப்புக் காலத்தில் ஊரைவிட்டுப் போன உற்சவமூர்த்தி நம்பெருமாள் எந்த ஆண்டு கோயிலுக்குத் திரும்பினார்? 1371 என்று தயங்காமல் சொல்வார்கள். விஜயநகரத் தளபதி கோபணாரியர் அவரை மீண்டும் எழுந்தருளச் செய்ததைக் கோயிலுக்குள்ளேயே ஒரு கல்வெட்டு சொல்கிறது. சக ஆண்டு 1293, அதாவது கி.பி. 1371, என்பது அதில் எழுத்துகளே எண்களைக் குறிக்கும் சொற்குறிப்பாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது.

சரி, அவர் ஊரைவிட்டுப் புறப்பட்டது எந்த ஆண்டு? இங்கே குரல் இறங்கிவிடும். 1323 என்று பலர் எழுதியிருக்கிறார்கள். சில ஆண்டுகள் தள்ளி வைப்பவர்களும் உண்டு. அதற்கு முன் 1311-இல் டெல்லித் தளபதி மாலிக் காபூரின் படை சூறையாடியதாக அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரு எழுதிய பொற்கோயில் ஸ்ரீரங்கமா, சிதம்பரமா என்பதே ஆய்வாளர்களிடையே தீராத வழக்கு.

இதே இரண்டு கேள்விகளையும் சாட்பாட்டிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே குரலில்தான் பதில் வரும். கல்லில் இருப்பதும் கருத்து வேற்றுமையில் இருப்பதும் அதே இலக்கணச் சுத்தமான வாக்கியத்தில், அதே மிடுக்கோடு வந்து நிற்கும். செயற்கை நுண்ணறிவு தவறே செய்யக் கூடாது என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தவறப்போகும் இடத்திலாவது அதன் குரல் கொஞ்சம் தயங்கக் கூடாதா என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கடந்த பத்தாண்டுகளில் நடந்த ஆய்வுகளில் கணிசமானவை ஆராய்ச்சி மாணவர்களின் கையால் நடந்தவை.

எது நம்பத்தக்க 70?

பொய்யான உறுதியை அளக்கும் வேலை கணினிக்கு முன்பே வானிலை அறிவிப்பில் தொடங்கிவிட்டது. அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த கிளென் பிரையர், சதவீதத்தில் சொல்லப்படும் கணிப்புக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்றை 1950-இல் வெளியிட்டார். ‘நாளை மழைக்கு 70 சதவீத வாய்ப்பு’ என்று ஒருவர் சொல்லி, மறுநாள் வெயில் காய்ந்தால் அவர் சொன்னது தப்பு என்று உடனே தீர்த்துவிட முடியாது. அவர் 70 என்று சொன்ன நாட்களையெல்லாம் சேர்த்து எடுத்து, அவற்றில் நூற்றுக்குச் சுமார் 70 நாள் மழை பெய்ததா என்று பார்க்க வேண்டும். பெய்திருந்தால் அவருடைய 70 நம்பத்தக்க 70. நாற்பது நாள்தான் பெய்தது என்றால் அவருக்கு உறுதி அதிகம், அறிவு குறைவு. சொன்ன உறுதியும் நடந்த விகிதமும் பொருந்துவதை ஆய்வாளர்கள் காலிபரேஷன் என்கிறார்கள். திருச்சி பெல் தொழிற்சாலையில் பிரஷர் கேஜைச் சரிபார்ப்பதற்கும் அதே பெயர்தான்.

படம் பார்த்துச் சொல்லும் கணினிகள் இந்தச் சோதனையில் எவ்வளவு மோசம் என்பது 2015 வாக்கில் வெளிப்பட்டது. வயோமிங் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ஆன் நுயென், ஜேசன் யோசின்ஸ்கி, ஜெஃப் க்ளூன் மூவரும், மனிதக் கண்ணுக்கு எதுவாகவும் தெரியாத படங்களைக் கணினியாலேயே உருவாக்கி, அன்றைய சிறந்த நியூரல் நெட்வொர்க்குகளிடம் காட்டினார்கள். சேனல் வராத டிவியில் தெரியும் புள்ளிக்கூட்டம் போன்ற ஒரு படத்தைப் பார்த்து, சிங்கம் என்றது நெட்வொர்க். உறுதி 99 சதவீதத்துக்கும் மேல்.

அதே காலத்தில் இயன் குட்ஃபெல்லோவும் சகாக்களும் காட்டிய எடுத்துக்காட்டு இன்னும் பிரபலம். ஒரு பாண்டா கரடியின் படம், 57.7 சதவீத உறுதியோடு ‘பாண்டா’ என்று சரியாகச் சொன்னது நெட்வொர்க். நம் கண்ணுக்குப் புலப்படாத அளவில் புள்ளிகளைக் கொஞ்சம் மாற்றிக் காட்டியதும் அது ‘கிப்பன் குரங்கு’ என்றது, 99.3 சதவீத உறுதியோடு. சரியாகச் சொன்னபோது தயங்கியது. தவறாகச் சொன்னபோது தயக்கமே இல்லை.

கார்னெல் மாணவர்கள் கண்டது

இவையெல்லாம் கணினியை ஏமாற்றுவதற்கென்றே செய்த படங்கள் என்று ஒதுக்கிவிடலாம். சாதாரணப் படங்களில் என்ன நடக்கிறது? கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த சுவான் குவோவும் ஜெஃப் பிளைஸும் அதை அளந்தார்கள். யூ சன், பேராசிரியர் கிலியன் வைன்பெர்கர் ஆகியோருடன் அவர்கள் எழுதிய கட்டுரை 2017 ஆகஸ்டில் சிட்னியில் நடந்த பன்னாட்டு இயந்திரக் கற்றல் மாநாட்டில் வெளியானது.

1998 காலத்து, ஐந்தே அடுக்குகள் கொண்ட லெநெட் என்ற நெட்வொர்க் ஒரு பக்கம். 110 அடுக்குகள் கொண்ட நவீன ரெஸ்நெட் இன்னொரு பக்கம். இரண்டிடமும் நூறு வகைப் பொருள்களின் படங்களைக் கொடுத்தார்கள். பழையது நிறையத் தவறியது. ஆனால் அது சொன்ன உறுதியும் சரியாகச் சொன்ன விகிதமும் ஏறத்தாழ ஒத்துப்போயின. புதியதற்குத் தவறு குறைவு. அதன் உறுதியோ அதன் தகுதியைத் தாண்டி எங்கேயோ இருந்தது. அதாவது, இயந்திரங்களின் திறமை கூடிய அதே ஆண்டுகளில் தங்கள் திறமையை மதிப்பிடும் பக்குவம் குறைந்திருக்கிறது.

காரணம் பயிற்சி முறையில் இருக்கிறது. ஒவ்வொரு விடைக்கும் நெட்வொர்க்குக்கு ஒரு தண்டனைக் கணக்கு உண்டு. விடை சரியாக இருந்தாலும் அந்தக் கணக்கு பூஜ்யமாகாது. 95 சதவீத உறுதியோடு சொன்னதை 99 சதவீதத்தோடு சொன்னால் தண்டனை கொஞ்சம் குறையும், 99.9 என்றால் இன்னும் கொஞ்சம். பயிற்சிப் படங்கள் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லக் கற்ற பிறகும் குறைக்க மீதி இருப்பதால், நெட்வொர்க் செய்வதற்கு ஒரே வேலைதான் மிச்சம்: உறுதியை ஏற்றிக்கொண்டே போவது. பெரிய நெட்வொர்க்குக்கு அப்படி ஏற்றிக்கொள்ள இடமும் அதிகம்.

அவர்கள் சொன்ன பரிகாரம் வியக்கும் அளவுக்கு எளியது. சிங்கம், குரங்கு, கரடி என்று ஒவ்வொன்றுக்கும் நெட்வொர்க் தரும் உள்மதிப்புகளை, சதவீதமாக்கும் முன் ஒரே ஓர் எண்ணால் வகுத்துவிட வேண்டும். பயிற்சியில் காட்டாத சில படங்களை வைத்து அந்த எண் எவ்வளவு என்று கண்டுபிடிக்கலாம். எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுப்பதால் முதலிடத்தில் இருப்பது முதலிடத்திலேயே இருக்கும். விடை மாறாது, உறுதி மட்டும் தணியும். வெப்ப இயற்பியலிலிருந்து கடன் வாங்கி அந்த எண்ணுக்கு ‘டெம்பரேச்சர்’ என்று பெயர்.

சதவீதம் பொருந்தினால் என்ன, பொருந்தாவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்குத் திருச்சியிலேயே பதில் இருக்கிறது. உயர் அழுத்த பாய்லர்கள் செய்யும் ஊர் இது. வெல்டிங் இணைப்புகளை எக்ஸ்ரே எடுத்து, உள்ளே விரிசலோ காற்றுக்குமிழோ இருக்கிறதா என்று பார்ப்பது இங்கே அன்றாட வேலை. அந்தப் படங்களைப் பார்க்க ஒரு கணினியை அமர்த்துவதாக வைத்துக்கொள்வோம். ‘குறையில்லை, 99 சதவீதம்’ என்று அது சொன்னால் விட்டுவிடலாம், அதற்குக் கீழே சொன்னதையெல்லாம் அனுபவமுள்ள இன்ஸ்பெக்டர் பார்க்கட்டும் என்று ஒரு கோடு போடலாம். அந்த 99 நூற்றுக்கு 99-ஆகவே இருந்தால் கோட்டுக்குப் பொருள் உண்டு. உண்மையில் அது 85 என்றால், கோட்டைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு நூறு இணைப்பிலும் பதினைந்து பழுதானவை.

கார்னெல் முறைக்கு ஒரு வரம்பு உண்டு. பழகிய வகைப் படங்களில் சரிசெய்த எண், புது வகைப் படம் வந்தால் கைகொடுக்காது. மூடுபனி, மங்கல் எனத் தரவு மாறும்போது என்ன ஆகிறது என்று 2019-இல் ஓர் ஆய்வு ஒப்பிட்டுப் பார்த்தது. மாற்றம் கூடக் கூட உறுதியின் பொருத்தம் கெட்டுக்கொண்டே போனது. ஓரளவு தாக்குப்பிடித்தது, பாலாஜி லட்சுமிநாராயணனும் சகாக்களும் 2017-இல் முன்வைத்திருந்த வழி. ஒரே வேலைக்குப் பல நெட்வொர்க்குகளைத் தனித்தனியாகப் பயிற்றுவித்து, எல்லாவற்றையும் கேட்பது அந்த வழி. அவை தங்களுக்குள் முரண்பட்டால் அதுவே ஐயத்தின் அளவு.

கண் மருத்துவமனையில் ஐயத்தின் விலை

கேம்பிரிட்ஜில் யாரின் கால் (Yarin Gal) என்ற மாணவர் 2016-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வேடு முழுக்க இயந்திரத்தின் ஐயம் என்ற இதே பொருள்தான். அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்காவில், ஓட்டுநருக்கு உதவும் தானியங்கி வசதியோடு ஓடிய கார் ஒன்று, பிரகாசமான வானத்தின் பின்னணியில் குறுக்கே வந்த வெள்ளை டிரெய்லரைப் பிரித்தறியாமல் மோதியதில் காரில் இருந்தவர் இறந்தார். தன் முடிவில் ஐயம் இருப்பதை இயந்திரம் தெரிவித்திருந்தால் என்ற கேள்வி அந்த ஆய்வேட்டின் தொடக்கத்திலேயே வருகிறது. அவர் காட்டிய உத்தி: நெட்வொர்க்கின் சில இணைப்புகளைக் கண்டபடி அணைத்து அணைத்து, ஒரே படத்தைப் பலமுறை கேட்பது. பதில்கள் ஆடினால் இயந்திரத்துக்குச் சரியாகத் தெரியவில்லை என்று பொருள்.

இது உடனே மருத்துவத்துக்குப் போனது. சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பைப் படத்தைப் பார்த்தே கணினி கண்டுபிடிக்கும் என்று 2016 இறுதியில் கூகுள் ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் அந்த ஆய்வில் இருந்தன. மறு ஆண்டு ஜெர்மனியின் டூபிங்கனில் கிறிஸ்டியன் லைபிக் குழுவினர், யாரின் கால் சொன்ன உத்தியை இதே நோய்க்குப் பொருத்தினார்கள். இயந்திரம் அதிகம் தடுமாறும் படங்களை டாக்டரிடம் அனுப்பிவிட்டால், மீதிப் படங்களில் அதன் தவறு தெளிவாகக் குறைந்தது.

ஐயத்தை ஒப்புக்கொள்வது இலவசம் அல்ல என்பது தாய்லாந்தில் தெரிந்தது. அங்கே கிராமப்புறக் கிளினிக்குகளில் கூகுளின் கண் பரிசோதனை முறையைப் பயன்படுத்திய அனுபவத்தை 2020-இல் ஒரு கட்டுரை விவரித்தது. முதல் ஆறு மாதங்களில் செலுத்திய 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தரம் போதாது என்று கணினி மதிப்பிடவே மறுத்துவிட்டது. கிளினிக்கில் வெளிச்சம் சரியில்லை. படம் கொஞ்சம் மங்கல். நர்ஸுக்கு அந்தப் படமே போதும் என்று தோன்றினாலும், நோயாளி இன்னொரு நாள் வேறு ஊருக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டியதாயிற்று. ஒருநாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. தவறான உறுதிக்கும் தேவையற்ற தயக்கத்துக்கும் நடுவே கோட்டை எங்கே போடுவது என்பதைக் கணினியால் மட்டும் தீர்மானிக்க முடியாது.

உறுதியைத் தகுதியோடு பொருத்தும் இந்த வேலை இந்தியாவிலும் நடந்திருக்கிறது. ஐஐடி பம்பாயில் மாணவர் அவிரல் குமார், பேராசிரியர் சுனிதா சரவாகி, உஜ்வல் ஜெயின் மூவரும் 2018-இல் வெளியிட்ட முறை, பயிற்சி முடிந்த பிறகு ஒட்டுப்போடாமல் பயிற்சியின்போதே உறுதியை அடக்க வழி சொன்னது. அடுத்த ஆண்டு குமாரும் சரவாகியும் மொழிபெயர்ப்பு இயந்திரங்களை அளந்தார்கள். அடுத்த சொல் எது என்பதில் அவற்றின் உறுதி பொருந்தவில்லை. வாக்கியம் இங்கே முடிந்துவிட்டது என்று அறிவிக்கும் குறியில் அந்தப் பொருத்தமின்மை இன்னும் மோசமாக இருந்தது.

ஐந்தாவது வட்டம்

சாட்பாட் காலத்தில் கதை இன்னொரு திருப்பம் எடுத்தது. ஜிபிடி-4 என்ற மொழி மாடலைப் பற்றி 2023 மார்ச்சில் அதை உருவாக்கிய ஓபன்ஏஐ வெளியிட்ட அறிக்கையில் ஒரு வரைபடம் இருக்கிறது. உலகத்து எழுத்தையெல்லாம் படித்து முடித்த நிலையில் அந்த மாடலின் உறுதி நன்றாகவே பொருந்தியிருந்தது. மனிதர்களுக்குப் பிடித்த மாதிரி பேசப் பழக்கிய பிறகு அந்தப் பொருத்தம் குலைந்தது. தெரியாததைத் தெரியாது என்று உள்ளுக்குள் ஓரளவு அறிந்திருந்த ஒன்றை, நாம் பேசப் பழக்கித்தான் மிடுக்காக்கியிருக்கிறோம்.

2025 செப்டம்பரில் ஆடம் கலாய், ஓஃபிர் நாக்கம், சந்தோஷ் வேம்பாலா, எட்வின் ஜாங் நால்வரும் எழுதிய கட்டுரை, இந்தப் பழக்கத்துக்கு வேர் தேர்வு முறையில் இருப்பதாக வாதிடுகிறது. தமிழ்நாட்டுத் தேர்வர்களுக்கு அதைப் புரிந்துகொள்ளப் பெரிய விளக்கம் தேவையில்லை. 2019 குரூப் 4 முறைகேட்டுக்குப் பிறகு, காலி வட்டங்களை வேறு யாரும் நிரப்பிவிடக் கூடாது என்று டிஎன்பிஎஸ்சி விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம் வந்தது: ‘விடை தெரியவில்லை’. அதைக் கறுப்பாக்கினால் மதிப்பெண் இல்லை. ஆனால் தவறான விடைக்கும் மைனஸ் கிடையாது. நான்கில் ஒன்றைக் குத்துமதிப்பாகக் குறித்தால் கால்வாசி வாய்ப்பாவது இருக்கிறது. கணக்குத் தெரிந்த எந்தத் தேர்வரும் ஐந்தாவது வட்டத்தைத் தொட மாட்டார்.

மொழி மாடல்களைத் தரவரிசைப்படுத்தும் தேர்வுகளில் பெரும்பாலானவை இதே கணக்குதான். சரியென்றால் ஒன்று, தப்பென்றாலும் ‘தெரியாது’ என்றாலும் பூஜ்யம். இந்தத் தேர்வில் முதலிடம் வாங்கப் பழகிய மாடல், தெரியாததையும் ஊகித்துச் சொல்லத்தான் செய்யும். மைனஸ் மதிப்பெண் போட்டால் மட்டும் போதாது, எவ்வளவு என்பதும் முக்கியம். நீட் தேர்வில் சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விக்குக் குறித்தால் சராசரியாக ஒன்று சரியாகும். 4-இல் 3 போக 1 மிஞ்சும். அங்கேயும் குருட்டு ஊகம் லாபம்தான். அந்தக் கட்டுரையாளர்கள் நால்வரும் சொல்லும் யோசனை, தண்டனையைக் கேள்வியிலேயே அறிவித்துவிட வேண்டும் என்பது. 90 சதவீத உறுதி இருந்தால் மட்டும் பதில் சொல். சரியென்றால் 1, தப்பினால் மைனஸ் 9, தெரியாது என்றால் பூஜ்யம். 90-க்குக் கீழே உறுதி உள்ளவர் வாயைத் திறந்தால் நஷ்டம்.

அந்தக் கட்டுரையின் இன்னொரு பாதி தமிழர்களுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. ஒருவரின் பிறந்தநாள் போன்ற தகவலை எந்த விதியைக் கொண்டும் ஊகிக்க முடியாது. எங்காவது படித்திருக்க வேண்டும். ஒரே ஒரு முறை மட்டும் எழுத்தில் வந்த தகவல்கள் எத்தனை பங்கோ, குறைந்தது அத்தனை பங்கு தவறு அடிப்படை மாடலில் வரும் என்று அவர்கள் கணக்கிடுகிறார்கள். நியூயார்க்கைப் பற்றிய செய்தி இணையத்தில் லட்சம் முறை வந்திருக்கும். உறையூரில் ஒரு தெருவுக்கு ஏன் அந்தப் பெயர், திருச்சி காந்தி மார்க்கெட்டின் பழைய கட்டடம் எந்த ஆண்டில் எழுந்தது என்பதெல்லாம் எத்தனை முறை வந்திருக்கும்? தமிழில் கேட்கப்படும் உள்ளூர்க் கேள்விகளில் பெரும்பகுதி இந்த அரிதான வகையைச் சேர்ந்தது. ஆனால் பதில் வரும் குரல் நியூயார்க்குக்கும் உறையூருக்கும் ஒன்றுதான்.

நீதிமன்றம் வரை

இந்தக் குரலை நம்பியவர்கள் மாட்டிக்கொண்ட முதல் பெரிய வழக்கு நியூயார்க்கில். ஏவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி சொன்ன முன்தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் அப்படியே தாக்கல் செய்தார்கள். அவற்றில் ஆறு, எந்த நீதிமன்றமும் வழங்காத தீர்ப்புகள். இவை உண்மைதானா என்று வழக்கறிஞர் கேட்டதற்கும் உண்மை என்றே சாட்பாட் சொல்லியிருந்தது. 2023 ஜூனில் நீதிபதி கெவின் காஸ்டெல் 5,000 டாலர் அபராதம் விதித்தார்.

இந்தச் சிக்கல் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. 2024 டிசம்பரில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு பிறப்பித்த உத்தரவு ஒன்றில் மேற்கோள் காட்டப்பட்டிருந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவற்றையும் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றையும் தேடினால் கிடைக்கவில்லை. உத்தரவு சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. செயற்கை நுண்ணறிவின் கைவண்ணம் என்ற பேச்சு சட்ட வட்டாரத்தில் பரவியது. கீழமை நீதிமன்றங்களில் இந்தக் கருவிகளை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் கொள்கையே வகுத்தது. தீர்ப்பை முடிவுசெய்ய அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதில் ஒன்று.

பலமுறை கேட்டுப் பார்ப்பது

இப்படிப்பட்ட புனைவைப் பிடிக்க, முன்பு சொன்ன யாரின் காலின் ஆக்ஸ்ஃபோர்டு குழு 2024 ஜூனில் ‘நேச்சர்’ இதழில் ஒரு முறையை வெளியிட்டது. செபாஸ்டியன் ஃபார்குஹார், யானிக் கோசன், லோரன்ஸ் கூன் ஆகியோர் உடன் எழுதியவர்கள். ஒரே கேள்வியை மாடலிடம் பலமுறை கேட்க வேண்டும். வந்த பதில்களைச் சொல்லை வைத்துப் பிரிக்காமல் பொருளை வைத்துப் பிரிக்க வேண்டும். ஒரு கோயில் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டால், ‘திருவானைக்காவல்’, ‘திருச்சிக்குப் பக்கத்தில் திருவானைக்கா’ இரண்டும் ஒரே பதில். ‘தஞ்சாவூர்’ வேறு பதில். எல்லாப் பதிலும் ஒரே பொருளில் குவிந்தால் மாடலுக்கு ஏதோ பிடிமானம் இருக்கிறது. நாலா பக்கமும் சிதறினால் அது அந்தந்த நேரத்தில் புனைந்தது.

இந்த முறைக்குப் பிடிபடாத தவறு ஒன்று உண்டு. திருச்சி மலைக்கோட்டைப் பாறையின் வயது 380 கோடி ஆண்டு என்று சுற்றுலாப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. யார், எந்த முறையில் அளந்தார்கள் என்ற விவரம் பெரும்பாலும் கூட வருவதில்லை. அந்தப் பக்கங்களையெல்லாம் படித்த மாடல், பத்து முறை கேட்டாலும் பத்து முறையும் அதையே சொல்லக்கூடும். அது மாடலின் புனைவு அல்ல, அதற்கு நாம் ஊட்டியது. மறுபடி மறுபடி சொல்லப்பட்டதற்கும் அளந்து நிறுவப்பட்டதற்கும் உள்ள வேறுபாட்டைப் பதில்களின் ஒற்றுமை காட்டிக்கொடுக்காது.

இன்னொரு சிக்கல் செலவு. மாடல்கள் எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக வெட்டிப் படிக்கின்றன. துண்டுக்கு இவ்வளவு என்று கணினிச் செலவு. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓபன்ஏஐ தந்த எடுத்துக்காட்டில், ஒரே செய்தி ஆங்கிலத்தில் 24 டோக்கன், தமிழில் 35. அதற்கு முந்தைய மாடலில் தமிழுக்கு 116 ஆகியிருந்தது. நிலைமை வெகுவாகத் தேறியிருக்கிறது. ஆனாலும் ஒரு பதிலுக்குப் பதிலாகப் பத்துப் பதில் வாங்கி ஒப்பிட்டால் ஆங்கிலத்தில் 240 ஆவது தமிழில் 350 ஆகிறது. பதில்களுக்குள் பொருள் ஒப்பிடும் இன்னொரு மாடலும் தமிழ் அறிந்ததாக இருக்க வேண்டும்.

நிறுவனங்கள் அந்தச் செலவை ஏற்று, பதிலுக்குப் பக்கத்தில் ஐயத்தின் அளவையும் காட்டும் வரை பயனர் இதைக் கையாலேயே செய்துகொள்ளலாம். முதல் பதிலைப் பார்த்த உரையாடலிலேயே ‘நிச்சயமா?’ என்று கேட்டுப் பயனில்லை. புதிதாக ஓர் உரையாடலைத் திறந்து, கேள்வியை வேறு வார்த்தைகளில் போட்டு, பிறகு இன்னொன்றைத் திறந்து கேட்க வேண்டும். ஆண்டும் பெயரும் தீர்ப்பு எண்ணும் ஒவ்வொரு தடவையும் மாறினால் அந்தப் பதிலை விட்டுவிடலாம். மாறாவிட்டாலும், வழக்கு என்றால் நீதிமன்றத்தின் இணையதளத்தையும், மருந்து என்றால் டாக்டரையும், கோயில் வரலாறு என்றால் 1982-இல் வெளியான தென்னிந்தியக் கல்வெட்டுகள் 24-ஆம் தொகுதியையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. ஸ்ரீரங்கத்துக் கல்வெட்டுகள் அதில் இருக்கின்றன.